தோரிமா என்பது பெண் பெயரா?

1944 ஜனவரி கடைசி வாரத்தில் எங்கள் வானொலி வார இதழுக்கு ஒரு சிறிய கடிதம் வந்தது.

"ஆசிரியர் அவர்களுக்கு. தோரிமா என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று தங்கள் இதழில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இருபது வருடங்களாக அது என் பெயர். பிப்ரவரி பதினெட்டாம் தேதிக்கு முன் வெளிவந்தால் உதவியாக இருக்கும். தோரிமா லெதெஸ்மா, பள்ளி ஆசிரியை, பர்ராக்காஸ்."

நேயர் கடிதப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. கடிதத்தை எதிர்மேசையில் இருந்த குதிரைப் பந்தய நிருபரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பெத்த பொண்ணுக்குப் புருஷன்னு பேர் வச்சிருக்கான் பாரு ஒருத்தன்! எந்த ஊர்க்காரனாம்?"

புவெனோஸ் ஐரிஸில் பிறந்த யாருக்கும் இந்தச் சிரிப்பு வந்திருக்கும். சொற்களைத் திருப்பிப் போட்டுப் பேசுவது எங்கள் ஊர்ப் பழக்கம். காஃபேயை ஃபேகா என்போம். டாங்கோவைக் கோடான் என்போம். காவல்காரர்களுக்குப் புரியக்கூடாது என்று துறைமுகத்தில் ஆரம்பித்த பேச்சு என்பார்கள். இப்போது காவல்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். கணவனுக்கு எங்கள் மொழியில் மரிதோ. மரிதோவைத் திருப்பினால் தோரிமா.

அந்தப் பெயரில் ஒரு டாங்கோ உண்டு. 1923இல் இசைத்தட்டாக வந்தது. மாடியில் விளக்கு எரிகிறது, தெருவில் மழை பெய்கிறது, ஒரு பெட்டியும் ஒரு தொப்பியும் படியிறங்குகின்றன. ஒவ்வொரு சரணமும் ஒரே வரியில் முடியும்: தோரிமா தனியே போனான். நடன அரங்குகளில் அந்த வரி வரும்போது ஆண்கள் விசில் அடிப்பார்கள். புருஷன் வெளியே போய்விட்டான், வழி திறந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட பொருள். பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவன், "கதவைச் சாத்தாதே, நான் வரேன்!" என்று கத்துவான். இசைக்குழுக்களும் அதற்கேற்ற மாதிரி பாட்டை வேகமாக வாசித்தன. இருபது ஆண்டுகளாக அது ஒரு வேடிக்கைப் பாட்டு.

நகரத்துக்கு வெளியே கதை வேறு. அங்கே யாரும் சொல்லைத் திருப்பிப் பேசுவதில்லை. தோரிமா என்பது அவர்கள் காதில் ஒரு பெண்ணின் பெயராக, கொஞ்சம் புதுமையான, அழகான பெயராக விழுந்தது. தட்டும் அதற்குத் துணை செய்தது. எங்கள் மொழியில் தனியே என்ற சொல்லுக்கும் ஆண் பெண் உண்டு. ஆண் தனியே போனால் சோலோ, பெண் தனியே போனால் சோலா. அந்தப் பழைய பதிவில், பாடகர் அந்தச் சொல்லை முடிக்கும் இடத்தில் பாந்தோனியோன் என்ற கைவாத்தியம் தன் துருத்தியை இழுத்து மூச்சு வாங்குகிறது. கடைசி எழுத்து அதில் அமுங்கிப்போகும். ஓ என்று நினைப்பவருக்கு ஓ கேட்கும், ஆ என்று நினைப்பவருக்கு ஆ கேட்கும். வடக்கே எல்லோருக்கும் ஆ கேட்டது.

கடிதத்தில் இருந்த தேதியின் காரணமும் எனக்குத் தெரியும். முந்தைய ஜூனில் படைத்தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு வானொலியில் கொச்சைச் சொல் கூடாது என்று ஆணை வந்தது. பாட்டு எழுதியவர்கள் தங்கள் பாட்டுகளைத் தாங்களே துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கென்று இருந்த ஓர் அலுவலகம் விலக்கப்பட்ட சொற்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அது பிப்ரவரி பதினெட்டாம் தேதி அச்சுக்குப் போகிறது. வானொலிகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் மட்டுமல்ல, பிள்ளைகளின் பேச்சைத் திருத்துவதற்காகப் பள்ளிகளுக்கும் போகும் என்று சொன்னார்கள்.

பர்ராக்காஸில் ஒரு விடுதியின் முற்றத்தில் கடிதம் எழுதியவளைப் பார்த்தேன். மெலிந்த, நிமிர்ந்து உட்காரும் பெண். சந்தியாகோ தெல் எஸ்தெரோ மாகாணத்தில் லா பந்தா என்ற ரயில்வே ஊரிலிருந்து டிசம்பரில் வந்தவள். மார்ச்சில் முதல் வேலை.

"இங்க வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது, சென்யோர்," என்றாள். "முதல் நாள் விடுதிக்காரம்மா பேரைக் கேட்டாங்க. சொன்னேன். உள்ள பாத்து, 'எல்லாரும் வாங்கடி, நமக்கெல்லாம் சேத்து ஒரு புருஷன் வந்திருக்கு'ன்னு கூப்பிட்டாங்க."

"பள்ளியில?"

"தலைமையாசிரியை சிரிக்கல. அதான் பயமா இருக்கு. 'பட்டியல்ல அந்த வார்த்தை வந்துட்டா நான் அதைக் கரும்பலகையில எழுத விட முடியாது, மகளே. தோரான்னு வச்சுக்கோ, இல்லை மரியான்னு வச்சுக்கோ'ன்னாங்க."

எங்கள் பள்ளிகளில் ஆசிரியையைக் குடும்பப் பெயரால் அழைப்பதில்லை. சென்யோரிதா என்று சொல்லி அவளுக்கு இட்ட பெயரைச் சேர்ப்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது.

"மரியா நல்ல பேர்தானே?" என்றேன்.

"நல்ல பேர்தான். என் பேர் இல்லை."

இதழில் ஒரு வரி அச்சிட்டு அந்த அலுவலகத்தை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வெரார்தி என்ற இசைக்குழுத் தலைவர் அதே பாட்டைக் கார்னிவல் நடனங்களில் வானொலி நேரலையாக வாசிக்க அனுமதி கேட்டிருந்தார். அதற்காகப் பாட்டை எழுதியவரை அலுவலகம் பிப்ரவரி பதினேழாம் தேதி விசாரணைக்கு அழைத்திருந்தது. அவர் பெயர் எவரிஸ்தோ பாசானி. டிராம் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. வேறு பாட்டுகளும் எழுதியிருக்கிறார். அவற்றை யாரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு மாலை போயதோ வட்டாரத்தில் அவர் அறைக்கு அவளை அழைத்துப் போனேன். பனியனோடு மாத்தே என்ற இலைத்தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"நீங்கதானா அது?" என்றாள் அவள்.

"எது?"

"எனக்குப் புருஷன்னு பேர் வச்சது."

அவர் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஒரு பாட்டுக்குத்தான் பேர் வச்சேன், மகளே. உனக்கு வச்சது உங்க அப்பா. அவரைப் போய்க் கேளு."

"அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

"அங்க ஒருத்தர்கூடவா சொல்லலை?"

"லா பந்தாவுல யாரும் வார்த்தையைத் திருப்ப மாட்டாங்க, தோன் எவரிஸ்தோ. நேராச் சொல்லி முடிக்கவே எங்களுக்கு மத்தியானம் ஆயிரும்."

அவர் சிரித்தார். மாத்தே நிரப்பி அவளிடம் நீட்டினார். "உன்னை மாதிரி எத்தனை பேர்?"

"எங்க ஊர்ல இன்னும் ரெண்டு. ஒருத்தி ரொட்டிக் கடைக்காரர் மக. இன்னொண்ணு பசு."

"பால் கறக்குதா?"

"நல்லாக் கறக்குது. அது பேரைக் கேட்டு யாரும் சிரிக்கறதில்லை."

ஒப்பந்தம் அங்கேயே ஆனது. தோரிமா பெண் பெயர் என்று அவர் அலுவலகத்தில் சொல்வார். அவள் பிறப்புச் சான்றிதழோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். பெயர் பட்டியலுக்குப் போகாது, பாட்டுக்கும் அனுமதி கிடைக்கும். "பொய் சொல்றதுல எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றார். "முப்பது வருஷம் பொய் கேட்டுச் சம்பாதிச்சவன். டிக்கெட் இல்லாதவன் எவன் உண்மை பேசறான்?"

விசாரணை அதிகாரி டாக்டர் பிளாசிதோ கார்செஸ். இலக்கியத்தில் பட்டம் பெற்ற டாக்டர். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். பேச்சில் மரியாதை குறையவில்லை. அவருக்கு யார் மீதும் கோபம் இல்லை, மொழி மீது கவலை இருந்தது. இதழ் சார்பாக என்னை ஓரமாக உட்காரவிட்டார்.

"சென்யோரிதா, உங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

"பேருக்கு எதுக்கு அர்த்தம், டாக்டர்? உங்க பேருக்கு இருக்கா?"

"இருக்கே. பிளாசிதோன்னா சாந்தமானவன்."

"எங்க ஊர்ல பிளாசிதோன்னு ஒரு கோவேறுகழுதை இருந்துச்சு. பக்கத்துல போனா கடிக்கும்."

எவரிஸ்தோ இருமினார். கார்செஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த உதாரணம் உங்க பக்கம்," என்று ஒப்புக்கொண்டார். பிறப்புச் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை, கையெழுத்து, 1924, பெண் குழந்தை, தோரிமா.

"என்கிட்ட ரெண்டு பேர் வந்து இது தலைகீழ்ச் சொல்னு சொன்னாங்க. நான் கோர்தோபாக்காரன், எனக்கு அதெல்லாம் பழக்கம் இல்லை. ஆனா இது அரசாங்கப் பதிவு. அரசாங்கம் பதிவு பண்ணினது கொச்சையா இருக்க முடியாது." எவரிஸ்தோவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"பெண் பேர்தான், டாக்டர். வடக்கே நிறைய உண்டு."

"சரி." பட்டியலில் ஒரு வரியை அடிக்கப் பேனாவை எடுத்தார். எடுத்தவர் பாட்டின் அச்சுத் தாளை ஒருமுறை முழுதாகப் படித்தார். பேனா நின்றது.

"இங்க சோலோன்னு இருக்கே. மூணு இடத்துலயும். பெண் எப்படி சோலோவாப் போவா? அச்சுப் பிழையா?"

தோரிமா எவரிஸ்தோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அச்சுப் பிழைன்னா திருத்திக் கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சது," என்றார் கார்செஸ். "பிழை இல்லைன்னா தோரிமா ஆண். அப்படி ஓர் ஆண் பெயர் நான் கேள்விப்பட்டதில்லை. அப்ப அந்த ரெண்டு பேர் சொன்னதுதான் சரியாகும், பட்டியல்ல இருந்தாகணும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் எவரிஸ்தோ.

"ஒரு எழுத்துக்கா?"

"ஆமா."

கார்செஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. "ஒரு மணிக்கு மூடிருவோம். நாளைக்கு அச்சகத்துக்கு மூலப்பிரதி போகுது."

படியிறங்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். "ஒரு எழுத்து! பொய் சொல்ல ஆட்சேபம் இல்லைன்னீங்க. பெரிய பொய்யச் சொல்லிட்டீங்க, சின்னதுக்கு ஏன் மலைக்கறீங்க?"

"உள்ள வா. காபி குடிப்போம்."

மூலைக் கடையில் மின்விசிறிக்குக் கீழே மேசை கிடைத்தது. எவரிஸ்தோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். காபி வந்தது. பிறகு அவளைப் பார்க்காமல் கரண்டியைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாரும் அது கள்ளக் காதலன் பாடற பாட்டுன்னு நினைக்கறாங்க. புருஷன் போயிட்டான், இவன் உள்ள போறான்னு. பாட்டுல எங்கயாவது இன்னொருத்தன் இருக்கானா? படிச்சுப் பாரு. பெட்டி இருக்கு, தொப்பி இருக்கு, மழை இருக்கு. இன்னொருத்தன் இல்லை."

"அப்ப பாடறது யாரு?"

"தோரிமாதான்."

அவள் காபியைத் தொடவில்லை.

"1921. அவளுக்கும் எனக்கும் சண்டைகூடக் கிடையாது. ஒரு வருஷமாப் பேச்சே இல்லை. ஒரு நாள் 'நீங்க போயிட்டா நல்லா இருக்கும், எவரிஸ்தோ'ன்னா. உப்பைக் கொஞ்சம் எடுங்கன்னு சொல்ற மாதிரி சொன்னா. பெட்டியை எடுத்துட்டு இறங்கினேன். மூலையில டிராமுக்கு நின்னேன். மாடியைப் பாத்தேன், விளக்கு எரிஞ்சுது. ஜன்னலுக்கு வருவாளான்னு பாத்தேன். மூணு டிராம் போச்சு. வரலை. அவ்வளவுதான் பாட்டு."

"அதுக்கு ஏன் இந்த வார்த்தையைப் போட்டீங்க? மரிதோன்னே எழுதியிருக்கலாமே?"

"நேராச் சொல்ல வெக்கமா இருந்துது. திருப்பிப் போட்டா வேற யாரோ மாதிரி இருந்துது." கரண்டியை வைத்தார். "முதல் தடவை அரங்கத்துல பாடினப்ப விசில் அடிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் சொல்ல முடியலை. அதுல என்னுதுன்னு மிச்சம் இருக்கறது அந்த ஓ ஒண்ணுதான், மகளே. அதை ஆ ஆக்கிட்டா அந்த மூலையில நான் நிக்கவே இல்லைன்னு ஆயிரும்."

நான் குறிப்பேட்டை எடுக்கவில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வரிக்கு நானும் விசில் அடித்தவன்.

தோரிமா காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள்.

"எங்க அப்பா ஆன்னுதான் பாடுவார்," என்றாள். "எல்லாரும் ஆன்னுதான். உங்க அச்சுத் தாளை இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பாக்கறேன்."

"அவருக்கு அந்தப் பாட்டு எப்படிக் கிடைச்சுது?"

"ரயில் நிலைய சாப்பாட்டுக் கடையில ஒரு கிராமபோன் இருந்துச்சு. நான் பொறந்து பத்தாம் நாள் அம்மாவுக்கு ஜுரம் வந்துருச்சு. துக்குமான்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, ரயில் ஏத்திருங்கன்னாங்க. அப்பா இன்ஜின்ல தீ போடறவர். அன்னிக்கு அவருக்கு வேற வண்டி, தெக்கே போற வண்டி. விட மாட்டேன்னுட்டாங்க. என்னை அத்தைகிட்ட குடுத்துட்டு அம்மாவை ரயில்ல உக்கார வச்சார். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே இவர் வேலைக்கு ஓட வேண்டியதாப் போச்சு."

"வந்தாங்களா?"

"வரலை." அவள் குரலில் மாற்றம் இல்லை. சொல்லிப் பழகிய செய்தியைச் சொல்லுகிறவள் குரல். "அந்த மாசம் பூராவும் கடையில அந்தத் தட்டுத்தான் ஓடிச்சாம். எனக்கு இன்னும் பேர் பதியலை. பதியப் போனப்ப இதைச் சொன்னார். அம்மா பேர் எர்மினியா. அதை வச்சிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வரலைன்னார்."

"எப்படிப் பாடுவார்?"

"எப்படின்னா?"

"பாடிக் காட்டு."

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். பரிமாறுகிறவர் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு கிழவர் செய்தித்தாளின் மேல் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மேசையைப் பார்த்தபடி, மெதுவாக, கடைசி வரியை மட்டும் பாடினாள். தோரிமா தனியே போனாள். நாங்கள் கேட்டுப் பழகிய வேகத்தில் பாதிகூட இல்லை. சோலா என்று இழுத்து, அந்த ஆவைத் திறந்தபடியே விட்டாள். பாந்தோனியோன் இல்லாததால் அதை மூட எதுவும் இல்லை.

எவரிஸ்தோ மடியிலிருந்த தொப்பியை மேசையில் வைத்தார்.

"இது வேற பாட்டு," என்றார்.

"இருக்கலாம்."

"இதுல ஒருத்தி செத்துப் போறா."

"ஆமா."

"என்னுதுல யாரும் சாகலை. ஒருத்தன் டிராமைத் தவற விடறான்."

அவள் கடை கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தைந்து. "உங்க கதை எனக்குப் புரியுது, தோன் எவரிஸ்தோ. பாவமாவும் இருக்கு. ஆனா நீங்க அந்தப் பாட்டை எப்பவாவதுதான் பாடறீங்க. என்னை நாள் முழுக்கக் கூப்பிடுவாங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உனக்கு இரக்கமே கிடையாதா?"

"இருக்கு. கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் காட்டறேன்."

கார்செஸ் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். எவரிஸ்தோ நின்றபடியே, "அச்சுப் பிழை," என்றார். கார்செஸ் சிவப்பு மசிப் பேனாவை அவரிடமே நீட்டினார். பாட்டை எழுதியவர் கையால் திருத்தினால்தான் செல்லும் என்றார். எங்கள் எழுத்தில் ஓவுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன வால் போட்டால் அது ஆ ஆகிவிடும். மூன்று இடத்தில் மூன்று வால். முதல் இரண்டையும் சட்டென்று போட்டார். மூன்றாவதில் பேனா கொஞ்சம் நின்று தாளில் மசி பரவியது. கார்செஸ் ஒற்றுத்தாளை அழுத்தினார்.

"இப்ப இலக்கணம் சரியா இருக்கு," என்றார், உண்மையான மகிழ்ச்சியோடு. பட்டியலில் இருந்த வரியை அடித்தார். தோரிமா என்பது பெண்பாற் பெயர், ஆட்சேபம் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தி, அவளிடம் கொடுத்தார். "உங்க ஊர்க் கழுதையை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

வெளியே நடைபாதையில் அவள் எவரிஸ்தோவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கன்னத்தில் முத்தமிட்டாள். அவர் டிராமுக்காக நின்றார். முதல் வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

கார்னிவல் சனிக்கிழமை வெரார்தியின் குழு பாட்டை மெதுவாக வாசித்தது. எவரிஸ்தோ கேட்டுக்கொண்டபடி மெதுவாக வாசித்ததாக வெரார்தி பின்னால் என்னிடம் சொன்னார். பாடகர் சோலா என்று தெளிவாக, துருத்தி இழுக்கும் முன்பே முடித்துவிட்டார். அரங்கில் சிலர் விசிலுக்கு வாயைக் குவித்திருந்தார்கள். ஒன்றிரண்டு கிளம்பி, பாதியில் நின்றன. எங்கே சிரிப்பது என்று தெரியாமல் ஜோடிகள் ஆடிக்கொண்டே இருந்தன. சில ஆண்டுகளில் அந்தத் தடைகள் தளர்ந்தன. பல பாட்டுகள் தங்கள் பழைய சொற்களைத் திரும்பப் பெற்றன. இந்தப் பாட்டு மட்டும் பெறவில்லை. ஏன் ஓவைத் திரும்பப் போடச் சொல்லவில்லை என்று ஒருமுறை எவரிஸ்தோவிடம் கேட்டேன். "அந்தப் பொம்பளை ரயில்ல உக்காந்தாச்சு," என்றார். "இறங்கும்மான்னு எப்படிச் சொல்றது?"

பள்ளி மார்ச் பதின்மூன்றாம் தேதி திறந்தது. பள்ளி திறப்பு பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்று சொல்லி மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இடம் கேட்டு வாங்கினேன். நாற்பது பிள்ளைகள், நாற்பது வெள்ளை மேலங்கிகள், பாதிப் பேர் துறைமுகத் தொழிலாளிகளின் பிள்ளைகள். தலைமையாசிரியை வாசலில் நின்றார். முத்திரை குத்திய தாளை அவள் அவரிடம் முன்பே காட்டியிருந்தாள். அவர் படித்துவிட்டு, "இதை நான் நம்பறேன், மகளே. அவங்க நம்பணுமே," என்று வகுப்பறைப் பக்கம் தலையை அசைத்ததாகச் சொன்னாள். தாள் இப்போது அவள் கைப்பையில் இருந்தது.

அவள் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் தன் பெயரை எழுதினாள். மூன்றே அசைதான். எழுதி முடிப்பதற்குள் இரண்டாம் வரிசையில் ஒருவன் உதட்டை அசைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டான்.

"மரிதோ!"

வகுப்பு வெடித்தது. பெஞ்சுகள் அதிர்ந்தன. வாசலில் தலைமையாசிரியையின் முதுகு விறைத்தது. தோரிமா கைப்பையைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை. சுண்ணத்தைக் கையிலிருந்து தட்டிக்கொண்டு சிரிப்பு குறையும் வரை நின்றாள்.

அந்தப் பையன் விடவில்லை. "சென்யோரிதா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லை."

"அப்ப உங்க வீட்டுல புருஷன் யாரு?"

"நான்தான்," என்றாள். "உக்காரு. உன் பேர் என்ன?"

அவன் பெயர் தெல்ஃபோர். அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்க நாலு பேர் முயன்றார்கள். நன்றாக வரவில்லை. அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள்.

பத்தியை நான் எழுதவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது இடைவேளை நேரம். கம்பிக்கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றேன். முற்றத்தின் நடுவில் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சென்யோரிதா தோரிமா, இவன் என்னைக் கிள்றான்! சென்யோரிதா தோரிமா, நான் இல்லை, அவன்தான்! சென்யோரிதா தோரிமா!"